பாரிஸ் தெருவில் ஒரு குடைக்காரர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை, எனக்கே நடந்தது.

மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு பழைய நூலகத்தில் புத்தகங்களை ஸ்கேன் செய்யும் வேலை எனக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை எடுப்போம். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் வித்தியாசம் சிவப்பாகத் தெரியும். பெரும்பாலும் தூசியாகத்தான் இருக்கும்.

அன்று பள்ளி விட்டு என் மகள் லின்சியும் வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. இடது புருவத்தில் நான்கு தையல் போட்ட தழும்பு, நான் சைக்கிள் கற்றுக்கொடுத்த லட்சணம். வராந்தாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மாலை 5.40. நூற்றைம்பது வருடப் பழைய படப் புத்தகம். ஒரு பக்கம் முழுக்கப் பாரிஸின் அகலமான சாலை. மரங்கள், குதிரை வண்டிகள், மழையில் குடை பிடித்த கூட்டம். இரண்டு முறை எடுத்தேன். ஒரே இடத்தில் மட்டும் சிவப்பு. முதல் ஸ்கேனில் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் இருந்த குடைக்காரர், இரண்டாவதில் கம்பத்தைத் தாண்டியிருந்தார்.

மெஷின் கோளாறு என்று திட்டிவிட்டு மறுபடி எடுத்தேன்.

5.46. அவர் படத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டார்.

5.49. அவரைக் காணோம்.

வராந்தாவில் ஒரு சத்தம். சொட்... சொட்... வெளியே மழை இல்லை.

"லின்சி?"

"ஒரு அங்கிள் வந்திருக்காங்கப்பா. கூப்பிடுறாங்க."

ஓடினேன். நாற்காலியில் இடித்து விழுந்தேன். எழுந்தேன்.

தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள். தரை ஈரம்.

"எங்கேம்மா அந்த அங்கிள்?"

"எந்த அங்கிள்?"

அவளை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். வீடு இருக்கும் பாலக்கரை வரும்வரை அவள் கையை விடவில்லை. கை சில்லென்று இருந்தது. பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

இரவு 8.10. லின்சிக்குத் தலை வாரிக்கொண்டிருந்த என் மனைவி பிரான்சி சீப்பை நிறுத்தினாள்.

"ஏங்க... இவளுக்குத் தையல் போட்டது இடது பக்கம்தானே?"

"ஆமா."

"இங்க வந்து பாருங்க."

தழும்பு வலது புருவத்தில் இருந்தது.

மறுநாள் காலை அதே பக்கத்தை எடுத்தேன். குடைக்காரர் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. இரட்டைச் சடை. ஸ்கூல் பேக்.

தினமும் எடுக்கிறேன். தினமும் கொஞ்சம் தூரம் போகிறாள்.

நேற்று திரும்பிப் பார்த்தாள். தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

இதை எழுதும்போது பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி என்னை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்...