பெரியப்பா காட்டாத மேட்டுக் காடு

அளவு நாடாவை இழுத்துப் பிடித்திருக்கும் அதிகாரிகளுக்கு நடுவே பெரியப்பா சலவை வேட்டியில் நிற்கும் படம் என் செல்போனில் இருக்கிறது. பின்னால் ஆளுயர மக்காச்சோளம். மழை பொய்த்த வருஷத்தில் திருச்சுழிப் பக்கம் அப்படியொரு பச்சையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு ஹார்ட்டின் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த வேலைக்கு நான் வந்ததே பெரியப்பாவால்தான். அருப்புக்கோட்டையில் பி.எஸ்சி. கணக்கு முடித்ததும், பி.எட். படிக்கட்டும், இல்லாவிட்டால் பேங்க் பரீட்சை எழுதட்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். கணக்குப் படித்த பெண்ணுக்கு எங்கள் ஊரில் அந்த இரண்டு வழிதான். அவர் மட்டும், "பள்ளிக்கூடத்துக்கு வெளிய கணக்கே கெடையாதாக்கும்? படிக்கிறவரைக்கும் படிக்கட்டும்" என்று சொல்லி என்னை மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டார். எம்.எஸ்சி.யில் புள்ளியியலை விரும்பி எடுத்தேன். சென்னையில் பயிர்க் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். என்ன வேலை என்று அவர் கேட்கும்போதெல்லாம், "கம்ப்யூட்டர்ல கணக்கு. சொன்னாப் புரியாது பெரியப்பா" என்பேன். படித்த திமிர், வேறென்ன.

வேலை ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. ஊருக்கு நாலு மக்காச்சோளக் காடுகளைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சின்னச் சதுரம் அறுத்து எடை போடுவார்கள். அதன் சராசரி குறைந்தால்தான் ஊருக்கே இழப்பீடு. அந்த வருஷம் எங்கள் ஊர்ச் சராசரி அமோகமாக வந்திருந்தது. அட்டவணை என் மேசைக்குத்தான் வந்தது. பிழை ஏதுமில்லை. இழப்பீடும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வழியெல்லாம் மக்காச்சோளத் தட்டை கருகி நின்றது. பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் பெருமையாகச் சிரித்தார்.

"குலுக்கல்ல நம்பர் விழுந்தது நம்ம மேட்டுக் காட்டுல. அது தரிசுன்னு சொல்லிட்டு, கெணத்தடிக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்பர் விழுந்த மத்தவுககிட்டயும் அப்படியே செய்யச் சொல்லிட்டேன். நீ வேல பாக்குற கம்பெனிக்காரவுக வாராக, கருகுனதையா காட்டுறது? ஒன்னயப் பத்தி என்ன நெனப்பாக?"

விளைச்சல் குறைந்தால்தான் பணம் வரும் என்று சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புரியாது என்று நான் வருஷக்கணக்கில் சொல்லி வந்தது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இத முன்னயே சொல்லியிருக்கலாமே, தாயி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. முடிந்த கணக்கை மாற்ற வழியும் இல்லை. மறுநாள் டீக்கடையில் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அவராகவே போய், "புள்ள போட்ட கணக்கு சரிதான்ப்பா. காட்ட மாத்திக் காட்டச் சொன்னது நான்" என்றார். நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் வாசல் தாண்ட முடியவில்லை. அன்றிலிருந்து பாதி ஊர் அவரோடு பேசுவதில்லை. என்னிடம் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

இந்த வருஷமும் மழை இல்லை. போன வாரம் பெரியப்பா போன் செய்தார்.

"தாயி, மேட்டுக் காட்டுல நம்பர் விழுந்தா, அதையே காட்டிறவா?"

"அதையே காட்டுங்க பெரியப்பா."

"ஒனக்கு அங்க அசிங்கமா இருக்காதுல்ல?" என்றார்.