அண்ணன் வைத்துவிட்டுப் போன மிஷின்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப்பேர் என் அண்ணனை முகம் பார்த்து அறிந்ததைவிடச் சத்தம் கேட்டு அறிந்திருப்பீர்கள். சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் பெட்ரோல் மிஷின் சத்தம் கேட்டாலும், மரம் அறுக்க அண்ணன் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

அண்ணன் பிறந்தது மேலநீலிதநல்லூர் பக்கத்தில், வானத்தைப் பார்த்து விதைக்கும் ஒரு சிற்றூரில். அப்பா தவறிய பின், என்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தார். விறகுக்கடையில் கோடரி பிடித்தார். கை காய்த்துப் போய், சாப்பிடும்போது சோறு விரலில் நிற்காமல் நழுவியதை நான் பார்த்திருக்கிறேன். என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அதற்குப் பிறகுதான் தனக்கென்று எதையாவது வாங்க நினைத்தார். வாங்கியது இந்த மிஷின்.

மிஷினை அவர் வைத்துக்கொண்ட அழகைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்தால் முதலில் குளிக்கப்போவது அவர் அல்ல, அதுதான். மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தூசியைத் தட்டுவார். காற்று வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைப்பார். செயின் ஓடும் பட்டையின் பள்ளத்தில் அடைந்த தூளைக் கம்பியால் நோண்டி எடுப்பார். பிறகு உருட்டு அரத்தை எடுத்து, செயினின் ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில் ராவுவார். மதினி தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார். "எனக்கு முந்தி அதத்தான் கட்டிருக்காவ போல" என்று மதினி சொல்வதும், அண்ணன் தலை நிமிராமல் சிரிப்பதும் அந்த வீட்டில் அன்றாடம் நடப்பது.

பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வேலையை மட்டும் மதினியிடம் விட்டிருந்தார். எண்ணெய் சேராத வெறும் பெட்ரோல் போனால் அந்த எஞ்சின் இறுகி நின்றுவிடும். அளவுக்கு மதினி வைத்திருந்தது மகளின் பழைய பால்புட்டி. மகள் கல்லூரிக்குப் போகும் காலத்திலும் அந்தப் புட்டி எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கு எதிரே பட்டுப்போன வாகையை அறுத்தார். பாதி வேலையில் மிஷினை நிறுத்திவிட்டு அரத்தோடு உட்கார்ந்தார். மரத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன வே, மழை இருட்டிக்கிட்டு வருது. நீரு ராவிக்கிட்டு இருக்கீரு?"

"கீழ விழுந்து கெடக்கத பாரும் வே. சீவல் சீவலா விழணும், மாவா விழுது. மழுங்கின செயின வச்சு அமுக்குனா மிஷினு எகிறி எம் மூஞ்சிக்கு வரும். வரட்டுமா?"

மரத்துக்காரர் நகர்ந்து நின்றார். இத்தனை காலம் மரத்தோடு மல்லுக்கட்டியும் அண்ணன் உடம்பில் பெரிய காயம் ஒன்றுகூடக் கிடையாது. அவரோடு வேலைக்கு வந்து மரத்துக்குக் கயிறு பிடித்த கடையநல்லூர் பாய் உடம்பிலும் கிடையாது. அதுதான் அவருடைய பெருமை.

அன்று நான் விளையாட்டாகக் கேட்டேன், "எண்ணே, மிஷினுக்கு லீவே கிடையாதா?"

"மாசக்கணக்கா சும்மா கெடக்கும்னா பெட்ரோல வடிச்சு, மிச்சம் தீருத வரைக்கும் ஓடவிட்டு நிப்பாட்டணும். இல்லன்னா பிசினா அடைச்சுக்கும். ஏட்டி, நமக்கு என்னைக்கு அந்த வேல வந்திருக்கு?" என்றார்.

அந்த வேலை வந்தது. நுரையீரல் கெட்டு, திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். துணிமணி எடுக்க மதினி ஊருக்குப் போயிருந்தார். "ஏட்டி, மதினிக்குப் போன் போடு" என்றார். பாயையும் வீட்டுக்கு வரச்சொல்லி, மிஷின் டேங்கைக் கவிழ்த்துப் பெட்ரோலை வடிக்கச் சொன்னார். பாய் மிஷினைக் கிளப்பும் கயிற்றை இழுக்க, மதினி போனை மிஷின் பக்கம் பிடித்தார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"இப்ப சத்தம் ஏறும், பயப்படாத. அப்புறம் தானா நின்னுரும்."

ஏறியது. நின்றது. "சரி, தொடச்சு வையி" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வீடு திரும்பமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பின் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்தார். இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நர்சுப் பிள்ளையைக் கேலி செய்தார். பிழைத்துக்கொண்டார் என்று மதினி கோவிலுக்கு நேர்ந்துகொண்டார். எனக்கு அந்த ஏறிய சத்தம்தான் காதில் கேட்டது. மறுநாள் விடியலில் அண்ணன் அமைதியானார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தாங்கிப் பிடித்த நர்சுகளுக்கும், துக்கத்தில் எங்கள் அடுப்பு எரியாத நாளெல்லாம் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், கடைசிவரை கூட நின்ற பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மதினிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அதனால் சென்ற வாரம் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

காற்றுமழையில் எங்கள் தெரு வேம்பு முறிந்து ஒரு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டது. பாய் வந்து, மிஷினைக் கேட்கத் தயங்கி நின்றார். மதினி பால்புட்டியை எடுத்தார், எண்ணெய் அளந்தார், புதுப் பெட்ரோலில் கலந்து ஊற்றினார். பாய் இழுத்தார், பிடிக்கவில்லை. "அவுக மொதல்ல சோக்கப் போட்டுத்தான் இழுப்பாவ" என்றார் மதினி. அடுத்த இழுப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. எங்கள் எல்லோருக்கும் கண் நிறைந்துவிட்டது.

வேலை முடிந்து, தூசி தட்டி, அரம் போட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது பாய் கேட்டார், "மதினி, மிச்சப் பெட்ரோல வடிச்சிரட்டுமா?"

"வேண்டாம், கெடக்கட்டும்" என்றார் மதினி. "நாளைக்கும் வேல வரும்லா."