மச்சாளின் ஞாயிற்றுக்கிழமை

சுவிஸில், ஓல்டன் நகரத்தில் என் மச்சாள் வீட்டுக் கெல்லரில், அதுதான் நிலக்கீழ் அறையில், ஒரு டாவோஸ் பனிச்சறுக்குவண்டி இருந்தது. மரத்தாலானது, இழுப்பதற்குச் சிவப்புக் கயிறு கட்டியது. மச்சாளின் மகன் அதில் ஏறிப் பள்ளிக்கூடத்துப் பனிமேட்டில் இறங்கும்போது, என் மகள் தன் முறை வரும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அந்த வண்டியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

என் கணவரும் என் அண்ணாவும் சேர்ந்து ஒரு சிறிய மளிகைக்கடை நடத்தினார்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பிள்ளைக் காசு, அதாவது பிள்ளைகளை வளர்க்கத் தரும் உதவித்தொகை, கிடையாது. சம்பளத்தோடு மாதாமாதம் வரும் அந்தக் காசு வேண்டுமென்றால் தாய் எங்காவது வேலை செய்ய வேண்டும். அதுவும் ஒரு வரம்புக்கு மேல் உழைக்க வேண்டும். அண்ணாவின் மனைவியான மச்சாளும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தோம். இருவரின் சம்பளமும் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றது. கிழமையில் இன்னும் ஒரு நாள் வேலை கிடைத்தால் போதும். அதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன்.

அந்த நாளும் வந்தது. நாங்கள் இருவரும் நடைவழியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பொறுப்பாளர் அம்மா வந்தார். ஞாயிறு வேலைக்கு ஓர் ஆள் தேவை, விருப்பமா என்று முதலில் என்னிடம்தான் கேட்டார். "இல்லை, இல்லை, பரவாயில்லை" என்றேன். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி தந்தால்கூட முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வோம்? கேட்டவுடன் ஓம் என்றால் காணாததைக் கண்டவள் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டாம் தரம் கேட்பார், அப்போது சம்மதிக்கலாம் என்று நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். சுவிஸ் மனுசி, நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். மச்சாளிடம் கேட்டார். "யா, கேர்ன்" என்றார் மச்சாள். சந்தோசமாகச் செய்கிறேன் என்று அர்த்தம்.

பிறகென்ன, பிள்ளைக் காசு வந்தது, சறுக்குவண்டி வந்தது, பியானோ வகுப்பும் வந்தது. கோயில் வாசலில் அவர் மகன் கழற்றிவைத்த புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போக மறந்து நின்றிருக்கிறேன். மச்சாள் ஒரு நாளும் பெருமை அடித்ததில்லை. அடித்திருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன்.

போன மாதம் மச்சாள் வீடு மாறினார். இப்போது வின்டர்தூரில் மகளோடு இருக்கும் நான் உதவிக்குப் போயிருந்தேன். கெல்லரை ஒதுக்கும்போது அந்த வண்டியைத் தூக்கிவந்து, "பேரனுக்குக் கொண்டு போறியோ?" என்றார்.

"ஓம், தாங்கோ" என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

மச்சாள் வண்டியில் இருந்த தூசியைத் துடைத்தார். "அண்டைக்கு ஞாயிறு வேலைக்குக் கேக்கேக்கையும் இப்பிடிச் சொல்லுவாய் எண்டுதான் உன்னைத் திரும்பிப் பாத்தனான். நீ தலையே நிமித்தேல்லை."

அந்தப் பார்வையால் இரண்டாம் தரம் என்னைக் கேட்டது அவர்தான். நிறம் மங்கிய கயிற்றைப் பிடித்து வண்டியை இழுத்துக்கொண்டுபோய் ரயிலேறினேன். அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே கிடைத்துவிட்டதே என்று வழி முழுவதும் எரிந்துகொண்டிருந்தேன்.