ரத்தான பின்னும் வரிசையில் நின்ற தோல்

முப்பது வருடம் கம்ப்யூட்டரின் கருவான கர்னலுக்குள் டிரைவர் எழுதித்தான் ஓய்வு பெற்றேன். கணினிக்கும் அதில் மாட்டிய இயந்திரத்துக்கும் நடுவே நிற்கும் நிரல் அது. இதை ஆம்பூரில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். சொன்னால் பிரிண்டர் பழுது பார்க்கக் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒரு தோல் தொழிற்சாலையில் மேனேஜர். அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அங்கே தோலின் பரப்பை அளக்கப் புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தோலிலும் வரிசை எண் குத்தியிருக்கும். பச்சைப் பட்டனை அமுக்கித் தோலை உள்ளே விட்டால் அந்த எண்ணுக்கு நேரே அளவு பதிவாகும். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் எழுதிய முதல் டிரைவர், பட்டனை அமுக்கியதும் அளவு வரும்வரை உள்ளேயே நின்றுகொண்டது. தோல் சிக்கினால் கம்ப்யூட்டரே உறைந்துவிடும். ரத்தம் கொடுத்தவன் ரிப்போர்ட் வரும்வரை ஊசி குத்திய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் வேலூர் ஆஸ்பத்திரி என்ன ஆகும்? கோரிக்கையை வாங்கி வரிசையில் வை, 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லி உடனே திரும்பு, மெஷின் கூப்பிடும்போது முன்னால் நிற்பதை முடித்து அனுப்பு. இவ்வளவுதான் வித்தை. யாரோ திட்டியபின் இன்ஜினியரும் அப்படியே மாற்றினார். அதற்குப் பிறகுதான் அளவுகள் தப்பாக வர ஆரம்பித்தன.

பழி மெஷினில் நின்ற பெண்ணின் மேல் விழுந்தது. கணவர் இல்லாதவர். தோலின் முடியை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் பல வருடம் நின்று கையெல்லாம் வெடித்து, கெஞ்சிக் கூத்தாடி இந்த உலர்ந்த இடத்துக்கு வந்தவர். இந்த லாட்டிலும் அளவு தப்பானால் மறுபடி தொட்டிக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நான் போனபோது இன்ஜினியர் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

"டிரைவர் பக்கா சார். டெய்லி கடைசில ரெண்டு மூணு வரி காலியா வருது. இவங்க அளக்காம விட்றாங்க."

"நா ஒண்ணும் விடல சார்," என்றார் அந்தப் பெண் என்னைப் பார்த்து. "தோல் கோணலா போச்சுன்னா செவப்பு பட்டன அமுக்கி வெளிய இழுத்து மறுபடி வுடுவேன். அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணு தள்ளிக்குது. இவர்கிட்ட மூணு வாட்டி சொல்லிட்டேன்."

"சிஸ்டத்துல அப்டி வராதும்மா."

எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. நிரலைத் திறக்கச் சொன்னேன். நினைத்தபடியே இருந்தது. கோரிக்கையை வரிசையில் சேர்க்க அழகாக எழுதியிருந்தார், முடிக்கவும் எழுதியிருந்தார். ரத்தானால் வரிசையிலிருந்து எடுக்க ஒரு வரிகூட இல்லை. பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயம் வரும்முன்பே தேர்வு முடிந்துவிட்டது போலும்.

மேனேஜரை நிற்கவைத்துக் காட்டினோம். பதினாறாம் எண் சின்னத் தோல், பதினேழு பெரியது. பதினாறை விட்டு, சிவப்பை அமுக்கி ரத்து செய்து, பச்சையை அமுக்கி மறுபடி விட்டார் அந்தப் பெண். வந்த அளவு ரத்தான கோரிக்கைக்குப் போய், கேட்பாரில்லாமல் தொலைந்தது. புதிய கோரிக்கை காத்து நின்றது. பதினேழை விட்டதும் அதன் அளவு பதினாறின் வரியில் ஏறியது. பதினேழின் வரி காலி.

"யா அல்லா," என்றார் மேனேஜர்.

"இது ரேஸ் கண்டிஷன் சார், ரெண்டு வேலை ஒண்ணையொண்ணு முந்தப் பாக்கறது, ரொம்ப ரேர்," என்றார் இன்ஜினியர்.

"ரேஸ்னா ரெண்டு பேராவது ஓடணும் தம்பி. இங்க ஒருத்தன் ரத்தானது தெரியாம நின்னுகிட்டு இருக்கான். போய் எழுதுங்க."

நாலைந்து வரிதான். மத்தியானத்துக்குள் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து சோதித்தும் விட்டோம். இன்ஜினியர் சரளமாக எழுதியது அதற்குப் பிறகு வந்த சர்வீஸ் ரிப்போர்ட்டைத்தான்: 'ஆபரேட்டரின் தவறான பயன்பாடு. பயிற்சி அளிக்கப்பட்டது.' கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கு இடம்.

"போட்டுடும்மா, ஏன் பேஜாரு," என்றார் மேனேஜர்.

பேனாவை வாங்கியவர் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் தப்பு அவருடையது; அடுத்த கோளாறு வரும் நாளில் அந்தத் தாளே அவரைத் தொட்டிக்கு அனுப்பிவிடும்.

"கையெழுத்து போடுறவங்க குறிப்பு எழுதலாம். மேல கட்டம் இருக்கு பாரும்மா," என்றேன். அந்தக் கட்டம் எல்லாப் படிவத்திலும் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை.

அவர் நிதானமாக எழுதினார்: 'செவப்பு பட்டன் அமுக்கினால் ஒண்ணு தள்ளுது. மூணு வாட்டி சொன்னேன். எனக்கு பயிற்சி யாரும் தரல.'

"இத ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க சார்," என்றார் இன்ஜினியர். இப்போதுதான் முதல்முறையாக வியர்த்தது.

"அப்ப ஒத்துக்கற மாதிரி வேற எழுதுங்க."

மேனேஜர் முதல் தாளை மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். இரண்டாவது தாளில், 'ரத்து செய்த கோரிக்கை வரிசையிலிருந்து நீக்கப்படவில்லை. நிரலில் சரிசெய்யப்பட்டது' என்று வந்தது. அந்தப் பெண் இரண்டு முறை படித்தார்.

"கோரிக்கைனா இன்னா சார்?"

"நீ பச்ச பட்டன் அமுக்குறியே, அதான்."

"அத எழுதறதுக்கு இன்னாவாம்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினெட்டாம் தோலை எடுக்கப் போனார்.