ராக்கையாவின் ஜீப் தாயத்து

சுருளிப்பட்டி ராக்கையா யாரையும் நம்பியதில்லை. இளநீர் வாங்கினால் வெட்டுவதற்கு முன் காதருகே வைத்துக் குலுக்குவான். அவன் கைக்குப் போனதும் காயே பயந்துபோய்க் கூடக் கொஞ்சம் தண்ணீர் சுரக்கும் என்று கம்பம் சந்தையில் பேச்சு. வீட்டுக் கடிகாரத்தைக் கண்காணிக்க எதிர்ச்சுவரில் இன்னொரு கடிகாரம் மாட்டியவன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலைப்பாதை ஏறும்போது ஜீப்பின் சூடு காட்டும் முள்ளையும் நம்பமாட்டான். இறங்கி, பானட்டில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வளைவு.

அவன் நம்பிய ஒரே பொருள், ஜீப் கண்ணாடியில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய செப்புத் தாயத்து. பிரேக் விட்டுப்போன வண்டியை ஒருமுறை அது பாறையோரமாகச் சாய்த்து நிறுத்தியதாம், பின்சீட்டில் தூங்கியவர்களை எழுப்பாமலே. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அப்படிப்பட்டவனுக்கு, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஏழாம் மாதமே பெண்குழந்தை பிறந்துவிட்டது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் பிள்ளை. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத உடம்பு என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ் மகிமா. மேலிருந்து வெப்பம் இறங்கும் வார்மரில், வெறும் டயப்பரோடு படுக்கவைத்திருந்தார்கள். வயிற்றில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், அதிலிருந்து ஒரு வயர்.

"இது என்னத்துக்கு சிஸ்டர்?"

"பாப்பாவோட சூட்ட இதுதான் மெசினுக்குச் சொல்லும். குறைஞ்சா மெசின் கூட்டும். ஏறுனா தன்னால குறைச்சுக்கும்."

"தன்னாலயா?"

அந்தத் 'தன்னால' அவனுக்குப் பிடிக்கவே இல்லை. போதாததற்கு, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பிள்ளையை உற்று உற்றுப் பார்த்தார்கள். சாயங்காலம் ஜீப்பிலிருந்து தாயத்தைக் கழற்றி வந்தான். கை கழுவி, கவுன் மாட்டி உள்ளே போய், மகிமா அந்தப் பக்கம் திரும்பியதும் டயப்பர் மடிப்பில் செருகிவிட்டான். மனைவி அன்னத்தாயிடம்கூடச் சொல்லவில்லை. நர்ஸிடம் சொல்லிவிடுவாளோ என்று அவள் மேலும் ஒரு சந்தேகம்தான்.

வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டவன் திடுக்கிட்டான்.

"சிஸ்டர், சூட்டக் குறைச்சது யாரு?"

"யாரும் தொடலண்ணே."

"மெசின்ல வரிசையா எரிஞ்ச சூட்டு விளக்குல இப்ப ஒண்ணுதான் எரியுது. கரண்ட்டு மிச்சம் பிடிக்கிறீகளோ? காலு சில்லுன்னு கெடக்கு."

"மச்சான், அளவுல ஏமாத்த இது என்ன பெட்ரோல் பங்கா? சும்மா இருங்க," என்றாள் பக்கத்தில் இருந்த அன்னத்தாய்.

மகிமா பாதத்தைத் தொட்டாள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"அண்ணன் சந்தேகம் சரிதான். உடம்பு குளுந்துபோச்சு. மெசின் மட்டும் சூடு ஜாஸ்திங்குது."

ராக்கையா பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அதற்குள் மகிமா டயப்பரைத் தளர்த்தினாள். மடிப்பிலிருந்து மேலே நழுவி, டயப்பர் விளிம்பில் பாதி மறைந்தபடி ஸ்டிக்கரின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது தாயத்து.

"வெயில்ல நின்ன தகரமாட்டம் சுடுது. மெசின் பாப்பாவ எங்கண்ணே பாத்துச்சு? இதோட சூட்டப் பாத்துல்ல குறைச்சிருக்கு."

"நம்ம வண்டித் தாயத்து," என்றாள் அன்னத்தாய். ராக்கையா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகிமா தாயத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். பிள்ளையின் வயிற்றுத் தோலைத் தடவிப் பார்த்தாள், நல்லவேளை, சிவக்கவில்லை.

"சட்டையக் கழட்டுங்கண்ணே. நெஞ்சோட அணைச்சு உக்காருங்க."

"ஏன், மெசின் ரிப்பேரா? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒரு ரிப்பேரும் இல்ல. பெத்தவுக உடம்புச் சூடு சீக்கிரம் ஏத்தும். உக்காருங்க."

குல்லா மாட்டிவிட்ட பிள்ளையின் தலை அவன் தாடைக்குக் கீழே வந்து நின்றது. மேலே துணி சுற்றினார்கள். பாதத்தைப் பிடித்த கையை அவன் எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து அன்னத்தாயை மெல்லக் கூப்பிட்டான்.

"ஏத்தா, இங்கன வா. என் கையி சூடா, பிள்ள காலு சூடான்னு தெரியல. நீ தொட்டுப் பாரு."

"வெதுவெதுன்னு இருக்கு மச்சான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சிஸ்டரையும் வந்து பாக்கச் சொல்லு."

இப்போது அந்தப் பிள்ளை ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து வளையல் கேட்கிறது. கண்ணாடியில் ஒன்றும் தொங்குவதில்லை. தாயத்து டூல் பாக்ஸில் ஸ்பானர்களுக்கு அடியில் கிடக்கிறது. அங்கே அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ராக்கையா அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்கிறான்.