எலும்புக்குள் ஓடும் கம்பி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அம்மாவை ராஜபாளையத்து எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனபோது, வராந்தாவில் அவரைப் பார்த்தேன். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர். மெலிந்த உடம்பு, நகமெல்லாம் துருவின் நிறம். ஒரு துண்டு கட்டுக்கம்பியை விரல்களில் வளைப்பதும் நிமிர்த்துவதுமாகவே உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி இடுப்பெலும்பு முறிந்து உள்ளே படுத்திருந்தார். வீட்டு வாசலில் கிடந்த செருப்பு தடுக்கி, லேசாக உட்கார்ந்ததற்கே முறிந்துவிட்டதாம்.

“எம்புட்டு கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன் சார்! எலும்புன்னா சுண்ணாம்புன்னுதான நெனச்சேன். உள்ள புரதம் நார் நாரா ஓடுதாம். அதுதான் கம்பி மாதிரி தாங்குதாம். வயசானா அது வளையாம வெறைச்சுப் போயிருமாம். டாக்டர் இப்பத்தான் சொல்லுதாரு. கம்பி கட்டுற எனக்கே தெரியல, பாத்தியளா?”

“அதுக்கு மருந்து இல்லையா?”

“கட்டி முடிச்ச வீட்டுல கம்பிய மாத்த முடியுமா சார்?”

பேச்சை மாற்ற நினைத்து அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன். “அம்மாவுக்கு எலும்போட அடர்த்தி நல்லா இருக்குன்னு போட்டிருக்கு.”

அவர் அதை வாங்கவில்லை.

“அவளுக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு.”

அந்நேரம் அம்மா டாக்டர் அறையிலிருந்து வழக்கமான வேகத்தில் வெளியே வந்தார். உடனே அந்த மனிதர் எழுந்துபோய், வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளையெல்லாம் குனிந்து ஒவ்வொன்றாக ஓரத்தில் எடுத்து வைத்தார். அம்மா படியிறங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

நானும் அப்படித்தான் நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன்.