கூழைக்கடாக் கறி

எங்கள் வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆபிரிக்கா மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். ஆனால் ஆள் கல்முனைக்குடிதான், எங்கள் பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி. தன்சானியாவில் ஒரு கொம்பனியில் கணக்காளராக இருந்தார். லீவில் வந்திருந்தவரை எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கேட்டு வாப்பா ஆள் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள்; வீடு கட்டிக் கொடுப்பதும் அவர்கள்தான். மறுமொழி வருமுன்பே வாப்பா பின்வளவில் அத்திவாரம் போட்டுவிட்டார்.

ராத்தாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் ஒலுவில் கெம்பசில், பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்திருந்தது. மாப்பிள்ளை வந்த பிறகு படிப்பு என்னத்துக்கு என்று வாப்பா ஒரே வசனத்தில் அந்தக் கதையை முடித்துவைத்தார். ராத்தா சில நாட்கள் அழுதாள். பிறகு நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு மனம் வந்துவிட்டது என்று உம்மா அல்லாஹ்வைப் புகழ்ந்தார்.

எனக்குப் பதினொரு வயது. அந்தக் கலியாணம் நடக்கவேண்டும் என்று என்னைப்போல ஆசைப்பட்டவர்கள் வீட்டில் இல்லை. ஆபிரிக்கக் காட்டுக்குள் அவரவர் வாகனத்தை அவரவரே ஓட்டிக்கொண்டு போகலாமாம். மடியில் ஒரு வரைபடம் இருந்தால் போதுமாம். பாதையில் சிங்கம் படுத்திருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு அது எழும்பும்வரை இருக்கவேண்டுமாம். இதையெல்லாம் அவர் வாப்பாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றே அவரை மனதுக்குள் மச்சான் என்று கூப்பிடத் தொடங்கினேன். அந்த வாகனத்தின் பின் ஆசனத்தில் எனக்கு ஓர் இடமும் பிடித்துவைத்தேன்.

சண்டை ஓய்ந்து, குமணக் காடு மறுபடி திறந்திருந்த காலம் அது. அவர் தன் மாமாவின் ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஆபிரிக்காவில் போவதுபோல நானே ஓட்டுகிறேன், இரண்டு குடும்பமும் குருவி பார்க்கப் போவோம் என்றார். குருவி அவருக்கு. அவருடைய உம்மாவுக்கு ராத்தாவைப் பார்க்கவேண்டியிருந்தது. தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்கிற அஞ்சு நிமிசத்தில் ஒரு பெண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று அந்த உம்மா கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

விடியச் சுபஹு தொழுததும் புறப்பட்டோம். முன்னால் அவரும் வாப்பாவும். பின்னால் அவருடைய உம்மா, எங்கள் உம்மா, ராத்தா, நான். பொத்துவில், பாணமை தாண்டி உகந்தையில் காட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஜீப்பை நடைவேகத்துக்குக் குறைத்தார். யாரும் உரத்துக் கதைக்கக் கூடாது, இறங்கக் கூடாது என்றார். வாப்பா தொண்டையைச் செருமுவதற்குக்கூட அவரிடம் அனுமதி கேட்பவர்போலப் பார்த்தார்.

முதலாவது வில்லுக் குளத்தில் தண்ணீருக்கு மேல் நின்ற பட்டமரம் நிறையக் கூழைக்கடாக்கள் இருந்தன; கரையில் முதலைகள் வெயில் காய்ந்தன. அவர் ஜீப்பை நிறுத்தினார். அந்த அமைதியில் ராத்தா வாயைத் திறந்தாள்.

"மாமி, இதுகள அறுத்துத் திங்கலாமா?"

அவருடைய உம்மா சிரித்தார். "எனக்குத் தெரியா மகள். மௌலவிமாருட்டத்தான் கேக்கணும்."

"ஒண்ட அறுத்தா எத்தின பேருக்குக் காணும்?"

எங்கள் உம்மா அவளுடைய தொடையில் கிள்ளியதை நான் கண்டேன். ராத்தாவுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. முன்னாலிருந்து மாப்பிள்ளை ஒரு பறவையைக் காட்டிக் கரண்டிவாயன் என்றார். அந்தச் சொண்டைக் காயவைத்தால் குழம்புக்கு அகப்பையாக்கலாமா என்று ராத்தா கேட்டாள். தாழைக்கோழியைக் காட்டினார். இது பொரியலுக்கா, ஆணத்துக்கா என்றாள். புள்ளிமான் கூட்டம் பாதையைக் கடந்தபோது ஈரல் எந்தப் பக்கம் இருக்கும் என்று விசாரித்தாள். அவருடைய உம்மாவின் சிரிப்பு மூன்றாவது பறவையோடு நின்றுவிட்டது. வாப்பாவின் பின்கழுத்து சிவந்து வந்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்ற சட்டம் இல்லாதிருந்தால் அந்த முதலைகளுக்கு நடுவே இறங்கி நடந்திருப்பேன்.

கும்புக்கன் ஆற்றங்கரையில் இறங்கலாம் என்றார். ஆண்கள் தொழுதார்கள். உம்மா கட்டிவந்த கோழிப் புரியாணியைப் பாயில் பரப்பினோம். எங்கள் வீட்டில் இறைச்சி தின்னாத ஒரே ஆள் ராத்தாதான். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவளுக்கென்று உம்மா தனியாகப் பருப்பு வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை அவள் தொடவில்லை. எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டிப் பெரிய கால் ஒன்றை எடுத்தாள். கடித்தாள். மென்றாள். விழுங்கும்போது அவளுடைய கண் கலங்கியது. உறைப்பு என்று நினைத்தேன்.

"பசி போல," என்றார் அவருடைய உம்மா, எங்கள் உம்மாவைப் பார்த்து. எங்கள் உம்மா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. குடும்பத்தின் மானத்தை நான்தான் காப்பாற்றவேண்டும் என்று தோன்றியது. அவர் ஜீப்பருகே தனியாக நின்று குருவி பார்க்கும் தூரக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர்தான் தொடங்கினார்.

"உங்கட ராத்தாக்கு இறைச்சியெண்டா உசிரு போல, என்ன தங்கச்சி?"

"இல்ல," என்றேன். "அவ இண்டைக்குத்தான் திங்கா. ஊட்ட கோழி அறுத்தா பின்னறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவா. இந்தக் குருவியெல்லாம் அவக்குத் தெரியும். எனக்குப் பேர் சொல்லித் தந்ததே அவதான்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அப்ப இண்டைக்கு என்னத்துக்கு இப்பிடி?"

"தெரியா. கெம்பசுக்குப் போகேலாண்டு வாப்பா சொன்னதில இரிந்து அவ ஒருமாதிரித்தான்."

"என்ன கெம்பஸ்?"

ஒலுவிலில் இடம் கிடைத்ததையும், அவள் அழுததையும், பிறகு அழுகையை நிறுத்தியதையும் ஒழுங்காகச் சொன்னேன். ராத்தா எவ்வளவு கெட்டிக்காரி, சொல்லுக்கு எவ்வளவு அடங்கியவள் என்று அவருக்கு விளங்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு பறவையும் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது ஒரு மயில் பாதையோரம் நின்றது. ராத்தா விடவில்லை. "மயிலுக் கறி எப்பிடி இரிக்கும்?" என்றாள்.

இந்த முறை அவரே மறுமொழி சொன்னார். "மயிலு ஒண்டுமில்ல. ஆபிரிக்காவில தீக்கோழி இரிக்கி. முழுசாச் சுட்டா ஒரு கலியாண ஊட்டுக்கே காணும். உங்களுக்கெண்டா ஒண்டு தனியாச் சொல்லணும்."

"நீயுமாடா?" என்றார் அவருடைய உம்மா.

அவர் எங்களை இளக்காரம் செய்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். ராத்தா மட்டும் நிமிர்ந்து, முன்னால் இருந்த கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் அவரைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"எனக்கு வேணாம்," என்றாள் மெதுவாக.

"வேணாமெண்டா உடுங்க," என்றார் அவர். வீடு வந்து சேரும்வரை அவள் பிறகு எந்தப் பறவையைப் பற்றியும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவருடைய மாமா வந்தார். மருமகன் கொம்பனிக்கு இன்னும் மூன்று வருடத்துக்குக் கையொப்பம் வைத்துவிட்டார், இப்போதைக்குக் கலியாணம் இல்லை என்கிறார், பிள்ளையைக் காக்கவைப்பது பாவம் என்றார். உங்கள் மகளில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லச் சொன்னார் என்பதை இரண்டு முறை சொன்னார். அவர் போனதும் வாப்பா, "இவ வாயாலதான் கெட்டிச்சி," என்றார். மூன்று வருடம் என்றது சாட்டு என்பது எங்களுக்கு விளங்கியது. யாருக்காகச் சொன்ன சாட்டு என்று யோசிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை.

கதை ஊருக்குள் போய்விட்டது. குர்ஆன் மதரசாவில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, "உங்கட ஊட்ட இண்டைக்கு என்ன குருவி ஆணம்?" என்று கேட்டார்கள். வேறு மாப்பிள்ளையும் வரவில்லை. இனி இவளை எவன் கேட்பான், படித்தாவது தொலையட்டும் என்று வாப்பா அவளைக் கெம்பசில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுவருடம் லீவில் வந்த ஆபிரிக்கா மாப்பிள்ளை சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தார். மூன்று வருடம் என்றவர் ஒரு வருடத்தில் முடித்துவிட்டாரே, எங்களை எவ்வளவு அருவருத்திருப்பார் என்று எண்ணி, அவரைத் தெருவில் கண்டபோது நான் ஒழுங்கைக்குள் ஒளிந்துகொண்டேன்.

ஆனால் எனக்கு இன்றும் கூசுவது அந்த மாமா வந்துபோன பின்னேரத்தை நினைத்தால்தான். குசினியில் உம்மா அழுதுகொண்டிருந்தார். ராத்தாவும் அழுதுகொண்டிருப்பாள் என்று தேடிப் போனேன். அவள் கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெக்கமில்லையா என்று கேட்க நினைத்துத் தட்டி எழுப்பினேன். அவள் என்னைப் பக்கத்தில் இழுத்து இருத்தினாள்.

"ஆத்தங்கரையில அவரிட்ட என்ன சொன்ன நீ?"

"நல்லதாத்தான் சொன்னன். நீங்க இறைச்சி திங்காத ஆளெண்டு. கெம்பஸ் கிடச்சதெண்டு."

ராத்தா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தலையணையில் முகத்தைப் புதைத்தும் அடங்கவில்லை, கட்டில் அதிர்ந்தது. கவலையில் அவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது. கலியாணம் குழம்பிய வீட்டில் பெண் சிரிக்கிறாள் என்று அயலார் சொல்வார்களே என்ற வெட்கம் அந்தப் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன்.